பிள்ளைகள் காணொளிப் போட்டி: மேல்மாடிக் குப்பை ‘சின்ன விஷயமா’?

நாலாம்_மாடி

வணக்கம். என் மகள் நான்காம் படிவம். கோலாலம்பூரில் ஒரு பி.பி.ஆர். (அரசின் மலிவு வாடகை வீடமைப்பு) அடுக்ககத்தில் குடியிருக்கிறோம். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கான காணொளிப் போட்டி ஒன்றுக்கு அவளும் தோழிகள் மூவரும் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஏதாவது ஒரு சமூகப் பிரச்சினை, ஐந்து நிமிடத்துக்குள், கைப்பேசியில் எடுத்தாலும் பரவாயில்லை. எந்த மொழியிலும் பேசலாம், ஆனால் மலாய் அல்லது ஆங்கிலத் துணைவரி இருக்க வேண்டும்.

எங்கள் பிளாக்கில் மேல்மாடியிலிருந்து கீழே குப்பை வீசுகிறார்களே, அதைத்தான் படமாக்கப் போகிறார்களாம். பொறுப்பாசிரியர், "இது சின்ன விஷயம், குண்டர் கும்பல், போதைப்பொருள் என்று கனமாக எடுங்கள், அப்போதுதான் நடுவர் கண்ணில் படும்" என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரரோ, அடுத்த வருடம் எஸ்.பி.எம். அரசுத் தேர்வு, இப்போது எதற்கு இந்த வேலை என்கிறார். நான் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு_டீச்சர்

முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு. புறப்பாட (பாடத்துக்கு வெளியிலான நடவடிக்கைகள்) மதிப்பெண் வெறும் அலங்காரம் இல்லை. அரசுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 90 விழுக்காடு தேர்வு முடிவு, 10 விழுக்காடு புறப்பாடம் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். போட்டி மாவட்டம், மாநிலம், தேசியம் என்று மேலே போகப் போகப் புள்ளியும் ஏறும். ஆனால் பள்ளியில் பதிவானால்தான். வெளியே பரிசு வாங்கிவிட்டுச் சான்றிதழை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடும் பிள்ளைகள் நிறைய. அதை மறக்காமல் கேட்டுச் செய்யுங்கள்.

நான்காம் படிவம்தான் இதற்குச் சரியான வருடம். ஐந்தாம் படிவத்தில் வந்து கேட்டிருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன்.

கல்யாண_கேமரா

சின்ன விஷயமா? அந்த ஆசிரியருக்கு 2018 ஞாபகமில்லை போலிருக்கிறது. அந்த ஜனவரியில் பந்தாய் டாலாமில் ஒரு பி.பி.ஆரில், மேலிருந்து யாரோ வீசிய நாற்காலி தலையில் விழுந்து 15 வயது மாணவன் இறந்தான். தமிழ்ப் பையன். பக்கத்தில் அவன் அம்மா இருந்தார். உங்கள் மகளுக்கும் ஏறக்குறைய அதே வயது. இதைவிடக் கனமாக வேறு என்ன வேண்டும்?

கல்யாணம், காதுகுத்து எடுப்பதுதான் என் பிழைப்பு. இடையில் இளைஞர் பட்டறைகளில் கேமரா சொல்லிக்கொடுப்பேன், நடுவர் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். குண்டர் கும்பல் படம் என்று வந்தால் பெரும்பாலும் என்ன இருக்கும் தெரியுமா? கறுப்புச் சட்டை, மெதுவோட்ட நடை, சினிமாப் பின்னணி இசை, ஒருவன் சாவான், அம்மா அழுவார், கடைசியில் திரை நிறைய ‘வன்முறை வேண்டாம்’. எடுத்த பிள்ளைகளுக்குக் கும்பலைப் பற்றிச் சொந்தமாக ஒன்றுமே தெரிந்திருக்காது. சினிமாவில் பார்த்ததைத் திரும்பச் செய்திருப்பார்கள். நிஜமாகவே தெரிந்த பையன் அதைக் கேமராவில் காட்ட மாட்டான். காட்டவும் கூடாது, பிறகு அந்த வட்டாரத்தில் நடமாட வேண்டியவன் அவன்தானே.

உங்கள் பெண்கள் குப்பைக்குக் கீழே தினமும் நடக்கிறவர்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்த நடுவருக்கும் தெரியாது. அதையே எடுக்கட்டும்.

பிறை_பெரியவர்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். செய்தியைத் திறந்தால் நம்மவர்கள் என்றாலே கும்பல், சம்சு (மலிவுச் சாராயம்), லாக்கப். 2013இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டதே, அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் நாலு இந்தியப் பையன்கள் ஒன்றாக நின்று தே தாரிக் குடித்தாலே ஒரு மாதிரி பார்த்தார்கள். இப்போது நம் பிள்ளைகளே கேமராவைத் தூக்கிக்கொண்டு நம் குப்பையை ஊருக்குக் காட்ட வேண்டுமா? நடுவர்களில் எல்லா இனத்தாரும் இருப்பார்கள். ‘இவர்கள் இப்படித்தான்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

தோட்டத்து லயத்தில் பிறந்து டாக்டரானவர்கள் இல்லையா? தமிழ்ப்பள்ளியில் படித்து அனைத்துலக அறிவியல் போட்டிகளில் தங்கம் வாங்கிய பிள்ளைகள் இல்லையா? அதை எடுக்கட்டுமே.

செந்தூல்_பையன்

ஐயா, நான் செந்தூல் அடுக்ககத்தில் வளர்ந்தவன். பள்ளியில் படிக்கும்போது இதுபோன்ற போட்டிகளுக்குப் போயிருக்கிறேன், இப்போது எடிட்டிங் வேலை பார்க்கிறேன். உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பி.பி.ஆர். குப்பை எப்படி ‘நம் குப்பை’ ஆயிற்று? மாதம் 124 வெள்ளி வாடகைக்கு அங்கே மலாய்க்காரர், சீனர், நாம் எல்லாரும்தான் இருக்கிறோம். மேலிருந்து விழும் பாம்பர்ஸுக்கு இனம் இல்லை. கீழே நடக்கிறவனுக்கு அது யார் வீட்டிலிருந்து வந்தது என்று கடைசிவரை தெரியாது. 2018 சம்பவத்தில் ஊரே கொதித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. புறம்போக்கிலும் ரூமா பாஞ்சாங் என்ற தற்காலிக நீள்வீடுகளிலும் தரையோடு தரையாக வாழ்ந்த குடும்பங்களைக் கொண்டுபோய்ப் பதினாறு, பதினேழாம் மாடியில் ஏற்றினார்கள். கீழே ஒரே இடத்தில் குப்பைக்கூண்டு. லிஃப்ட் பழுதானால் மூட்டுவலிக்காரப் பாட்டி ஒருவர் ஒரு பை குப்பையைத் தூக்கிக்கொண்டு எத்தனை படி இறங்குவார்? வீசுவது சரியென்று சொல்லவில்லை. ஆனால் ‘புத்தியில்லாதவர்கள் வீசுகிறார்கள்’ என்பதோடு படம் நின்றால் அது நோட்டீஸ் போர்டு. அதைத் தாண்டி ஒரு படி போனால்தான் படம்.

வெற்றிக்கதை எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதற்கு வேறு போட்டிகள் இருக்கின்றன. இங்கே சமூகப் பிரச்சினை என்று கேட்டிருக்கிறார்கள்.

பிறை_பெரியவர்

தம்பி நன்றாகப் பேசுகிறீர்கள். ஆனால் படம் பார்க்கிறவன் வாதத்தைக் கவனிக்க மாட்டான், முகத்தைத்தான் பார்ப்பான். எடுப்பது நாலு தமிழ்ப் பெண்கள், பேட்டி கொடுப்பது தமிழர்கள், பின்னால் குப்பை. அப்புறம் அதற்கு இனம் இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? இந்த ஒன்றுக்கு மட்டும் வழி சொல்லுங்கள், நான் பேசாமல் போய்விடுகிறேன்.

ஓய்வு_டீச்சர்

பெரியவர் கேட்பது நியாயம். நாலாம்_மாடி, பிள்ளைகளிடம் இதை அப்படியே காட்டுங்கள். பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா), கீழே கடை வைத்திருக்கும் அங்கிள், கூட்டுகிற தொழிலாளி, இவர்களெல்லாம் பேசாத படம் அந்தக் கட்டடத்தைப் பற்றிய படமாகாது. நம்மவர்களைப் பேட்டியெடுப்பது சுலபம், தமிழில் பேசிவிடலாம். அந்தச் சுலபத்துக்காகத்தான் பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

எண்_பைத்தியம்

புள்ளிவிவரம் வேண்டுமென்றால் 2018இல் யுனிசெஃப் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கச் சொல்லுங்கள். கோலாலம்பூரின் மலிவுவிலை அடுக்ககக் குழந்தைகளைப் பற்றியது. 5 வயதுக்குட்பட்டவர்களில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று அதில் இருக்கிறது. இரட்டைக் கோபுரம் தெரிகிற தூரத்தில் வாழும் பிள்ளைகள்!

கல்யாண_கேமரா

எண் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் குப்பைப் படத்தில் இதை நுழைக்க வேண்டாம். ஐந்து நிமிடத்தில் உயரக்குறைவு, சத்துணவு என்று போனால் படம் எங்கேயோ போய்விடும். அது தனிப் படம்.

சட்டம்_கொஞ்சம்

ஒரு சட்ட நிறுவனத்தில் வேலை செய்கிறேன், வழக்கறிஞர் இல்லை. சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்படிப்பட்ட இழைகளில் யாராவது வந்து "படமெடுத்தால் பிடித்துக்கொண்டு போவார்கள்" என்று பயமுறுத்துவது வழக்கம்.

2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வாரியத்தின் அனுமதி பெறாத படத்தைத் திரையிட்டால் 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. வெறும் ஏட்டில் இருக்கும் சட்டம் இல்லை. இலங்கைப் போரைப் பற்றிய ஆவணப்படத்தை 2013இல் கோலாலம்பூரில் திரையிட்டதற்காக, கோமாஸ் என்ற மனித உரிமை அமைப்பைச் சேர்ந்த ஒருவருக்கு 2017இல் 10,000 வெள்ளி அபராதம் விதித்தார்கள். அதே கோமாஸ்தான் 2003 முதல் சமூக ஆவணப்படங்களுக்கான ஃப்ரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட் விழாவைத் தொடங்கி நடத்தியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே பரிசளிப்பு விழாவில் மண்டபத்தில் படம் போடுகிறார்கள் என்றால், அனுமதி வாங்குகிற பொறுப்பு யாருடையது என்று ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் போடுவதற்கு பினாஸ் (தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்) உரிமம் வேண்டுமா என்று 2020இல் ஒரு கலவரமே நடந்தது. தனியாள்கள் சமூக ஊடகத்தில் போடும் காணொளிக்கு வேண்டாம் என்று அரசாங்கமே பிறகு தெளிவுபடுத்திவிட்டது.

உங்களுக்கு உடனடியாகத் தேவைப்படுவது வேறு. வீசுகிறவரின் முகமோ வீட்டு எண்ணோ தெரியும்படி எதுவும் படத்தில் வரக்கூடாது. தவறான வீட்டைக் காட்டிவிட்டால் அவதூறு. குத்தகையாளர் பெயர், கவுன்சிலர் பெயர் எதுவும் வேண்டாம். கட்டட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள், பள்ளி முத்திரையோடு. அப்புறம், குற்றத்தாலோ கொடுமையாலோ பாதிக்கப்பட்ட 18 வயதுக்குட்பட்டவர்களைப் பற்றிப் படத்தில் பேச்சு வந்தால், அந்தப் பிள்ளையின் பெயர், முகம், பள்ளி எதுவும் தெரியக்கூடாது. 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், 15ஆம் பிரிவு. மற்ற அணிகளில் பகடிவதை பற்றி எடுக்கிறவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும்.

பக்கத்து_பிளாக்

இவ்வளவு பேசுகிறோம், போட்டி விதியில் படத்தின் உரிமை யாருக்கு என்று பார்த்தீர்களா? சில இடங்களில் ‘அனுப்பிய படைப்புகள் எல்லாம் ஏற்பாட்டாளருக்கே சொந்தம்’ என்று கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். நூறு அணி அனுப்பினால் அவர்களுக்கு நூறு விளம்பரப் படம் ஓசி. பிள்ளைகளுக்கு ஒரு சான்றிதழ், ஒரு கேன்வாஸ் பை.

நாலாம்_மாடி

பார்த்தேன். உரிமை பிள்ளைகளுக்கே, ஏற்பாட்டாளர் காட்டிக்கொள்ள மட்டும் அனுமதி என்று இருக்கிறது. நன்றி.

வீட்டுக்காரர் டீச்சர் எழுதியதைப் படித்தார். சரியென்று வாயால் சொல்லவில்லை, ஆனால் சின்ன டிரைபாட் ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மகள் சில கேள்வி கேட்க வேண்டுமாம், இந்த ஐடியிலேயே எழுதுகிறாள்.

நாலாம்_மாடி

வணக்கம் அங்கிள், ஆண்ட்டி, டீச்சர். நான்தான் மகள். நீங்கள் எழுதியதையெல்லாம் நாங்கள் நாலு பேரும் படித்தோம்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் குப்பை வீசுகிறவர்களைப் பிடிக்கிற படம் எடுக்கவில்லை. எங்கள் பிளாக்கில் யாரும் நடைபாதை நடுவில் நடக்க மாட்டார்கள். எல்லாரும் சுவரை ஒட்டி, கூரைநிழல் இருக்கிற பக்கமாகத்தான் போவார்கள். சின்னப் பிள்ளைகள்கூட யாரும் சொல்லாமலே அப்படித்தான் போகும். வெளியிலிருந்து வரும் ஆள் மட்டும் நடுவில் நடப்பார், அதை வைத்தே புது ஆள் என்று கண்டுபிடித்துவிடலாம். அந்த நடையைத்தான் எடுக்கப் போகிறோம். காலையில் பள்ளி பஸ்ஸுக்குப் போகிறவர்கள், சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவர்கள், எல்லாரும் சுவர் ஓரமாக. பிறை தாத்தா கேட்டதுக்கு இதிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறோம், ஏனென்றால் நடக்கிறவர்கள் எல்லா இனமும்தான். மூன்றாம் மாடி மாக்சிக்கிடம் பேசிவிட்டோம், அவர் பேசச் சம்மதித்துவிட்டார்.

கேள்வி என்னவென்றால், பொருள் விழுவதை நேரில் எடுக்க முடியவில்லை. எப்போது விழும் என்று தெரியாது. அதனால் எங்களில் ஒருத்தி எட்டாம் மாடியிலிருந்து காலி பாட்டிலைப் போடலாம், கீழே யாரும் வராமல் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று யோசித்தோம். இது சரியா?

இரண்டாவது, நடைக்கூடத்தில் ராத்திரி எடுத்தால் படத்தில் கோடு கோடாக ஓடுகிறது. போன் கெட்டுவிட்டதா?

ஓய்வு_டீச்சர்

பாட்டில் வேண்டவே வேண்டாம், கண்ணு. எவ்வளவு காவல் போட்டாலும் ஒரு குழந்தை ஓடி வந்துவிடும். எதை வேண்டாமென்று படமெடுக்கிறீர்களோ அதையே நீங்கள் செய்தால், அப்புறம் படத்தை யார் நம்புவார்கள்?

செந்தூல்_பையன்

நான் இதையே வேறு பக்கமிருந்து சொல்கிறேன். நீயே போட்டுவிட்டு ‘இதோ விழுகிறது பாருங்கள்’ என்று காட்டினால் அது பொய்க்காட்சி. நாடகப் படமென்றால் பரவாயில்லை, நடிப்பு என்று பார்க்கிறவருக்குத் தெரியும். ஆவணப்படத்தில் அப்படிச் செய்யக்கூடாது.

அதோடு, விழுவதைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. சுவரோர நடையை ஒரு நிமிடம் வெட்டாமல் காட்டு, பேச்சு இல்லாமல். ஏன் இப்படி நடக்கிறார்கள் என்று பார்க்கிறவன் தானே கேட்பான். அதற்குப் பிறகு மாக்சிக் வாயைத் திறந்தால் போதும். விழுந்து கிடப்பதைக் காலையில் கூட்டுவதற்கு முன்னால் எடுத்துக்கொள், அது நிஜம். சத்தம் வேண்டுமென்றால் ஒரு பையை இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போட்டு, பக்கத்தில் போன் வைத்துப் பதிவு செய். ஒலி எப்படிப் பதிவானது என்று கடைசியில் எழுத்து ஓடும்போது ஒரு வரி போட்டுவிடு.

இந்தச் சுவரோர நடை விஷயத்தை உங்கள் பொறுப்பாசிரியரிடம் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் சொல்லுங்கள். ‘குப்பை’ என்று தலைப்பை மட்டும் கேட்டிருந்தால் அவர் வேண்டாமென்றதில் ஆச்சரியமில்லை.

கல்யாண_கேமரா

போன் கெடவில்லை பாப்பா. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கு அந்தக் கணக்கில்தான் துடிக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது. போன் 30 ஃபிரேமில் எடுக்கும்போது இரண்டும் ஒத்துப்போகாமல் பட்டை ஓடுகிறது. 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் போய்விடும். உன் போன் கேமராவில் அந்த அமைப்பு இல்லையென்றால் பிளாக்மேஜிக் கேமரா என்ற செயலி இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் எல்லா ஆண்ட்ராய்டிலும் ஓடாது. ஓடவில்லையென்றால் ராத்திரிக் காட்சியைக் குறைத்துக்கொள்.

எடுக்கும்போது ஏரோபிளேன் மோடில் போடு. திரையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டு, இல்லாவிட்டால் ஆள் நடக்க நடக்கப் படம் இருட்டி இருட்டி வெளுக்கும். படுக்கை வசத்தில் எடு, டிக்டாக் மாதிரி நிமிர்த்திப் பிடிக்காதே. ஒவ்வொரு காட்சியிலும் ஆள் போன பிறகும் பத்து விநாடி அசையாமல் விடு. எடிட்டிங்கில் அந்தப் பத்து விநாடிக்காக என்னைக் கும்பிடுவாய்.

பேட்டிக்கு இரண்டாவது போன் ஒன்றில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு மாக்சிக் மடியிலோ பையிலோ வை. தொடக்கத்தில் ஒரு முறை கைதட்டு, பிறகு படத்தையும் ஒலியையும் அந்தத் தட்டில் பொருத்திவிடலாம். காற்றாடியை நிறுத்து. பின்னணியில் சினிமாப் பாட்டு போடாதே, யூடியூபே பிடித்துவிடும். சோகப் பியானோவும் வேண்டாம், அது என் தனிப்பட்ட வேண்டுதல்.

சட்டம்_கொஞ்சம்

மாக்சிக் சம்மதம் வாயால் போதாது. ஒரு தாளில் மலாயில் நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எதற்காக எடுக்கிறோம், எங்கே காட்டப்படும், பிறகு வேண்டாமென்றால் யாரிடம் சொல்ல வேண்டும். முடிந்த படத்தை அனுப்புவதற்கு முன் அவரிடம் போட்டுக் காட்டுங்கள். அதே வீட்டில்தான் அவர் தொடர்ந்து இருக்கப் போகிறார். மேல்மாடிக்காரர்களோடு வம்பு வந்தால் போட்டி நடத்துகிறவர்கள் வந்து நிற்க மாட்டார்கள்.

பிறை_பெரியவர்

பேத்தி எழுதியதைப் படித்தேன். சுவரோரம் நடப்பது எனக்குத் தோன்றவே தோன்றாத விஷயம். பினாங்கில் என் மகன் வீடும் அடுக்ககம்தான், போகும்போது கவனிக்கிறேன். மற்றபடி, நம்மவர்கள் படத்தில் குப்பையோடு மட்டும் தெரியாமல், மற்றவர்களைப் போல வேலைக்குப் போகிறவர்களாக, பிள்ளையைக் கையில் பிடித்து நடக்கிறவர்களாகத் தெரிந்தால் எனக்குப் போதும். நன்றாகச் செய்யுங்கள்.

நாலாம்_மாடி

மகள் மறுபடியும். நன்றி தாத்தா. பாட்டில் யோசனையை விட்டுவிட்டோம். டீச்சர் சொன்னபடி கூட்டுகிற அண்ணனிடமும் கேட்டோம். அவர் வங்காளதேசத்துக்காரர், முகம் வேண்டாம் என்றார், கையையும் துடைப்பத்தையும் மட்டும் எடுக்கச் சொன்னார். அவருக்கு மலாய் கொஞ்சம்தான் வரும், ஆனால் காலையில் தினமும் முதலில் மேலே பார்த்துவிட்டுத்தான் குனிவாராம்.

பொறுப்பாசிரியரிடம் நடை விஷயத்தைச் சொன்னோம். "அப்படியா, எடுத்துக் காட்டுங்கள், பார்க்கிறேன்" என்றார். இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை.

மலாய்த் துணைவரி நாங்களே எழுதிவிடுவோம். ஆனால் மாக்சிக் கிளந்தான் மாநில வட்டாரப் பேச்சு பேசுகிறார், பாதி எங்களுக்கே புரியவில்லை. என்ன செய்வது?

ஓய்வு_டீச்சர்

அவரையே பக்கத்தில் உட்காரவைத்து, படத்தைப் போட்டு நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். கையெழுத்து வாங்கப் போகும்போதே இதையும் முடித்துவிடலாம்.

செந்தூல்_பையன்

வரிகளை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, நேரக்கணக்கு சரிபார்த்துத் தருகிறேன். ஒரு வரி படித்து முடிக்கும் முன் மறையக்கூடாது, திரையில் ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். படக்கோப்பை மட்டும் வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பாதே, சுருக்கிக் கெடுத்துவிடும். கூகுள் டிரைவில் போட்டு இணைப்பை அனுப்பு.